மழையைக் கேட்டுப் பாடம் போடுங்கள்: நீலகிரித் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

நீலகிரியில் பணியிடம் என்று ஆணை கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் ஓடிப்போய் வாங்குவது ஸ்வெட்டர். நானும் அதைத்தான் வாங்கினேன். பள்ளிக்கு வந்து பத்தே நாளில் தெரிந்தது, அதைவிட அவசரமாக வாங்கியிருக்க வேண்டியது மூடி இறுக்கமான ஓர் எவர்சில்வர் டப்பா என்று. மழை மாதங்களில் இங்கே சாக்பீஸ் நமத்துப்போகும். பலகையில் இழுத்தால் எழுத்து விழாது, சோப்புப் போல வழுக்கும். எங்கள் சத்துணவு அக்காதான் வழி சொன்னார். "டப்பால போட்டு அடுப்பு மேடை ஓரமா வச்சிட்டுப் போங்க டீச்சர், காலைல காஞ்சு கிடக்கும்." அன்று முதல் என் சாக்பீஸுக்கு ராத்தங்கல் சமையல் கூடத்தில்தான்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சமவெளியிலிருந்து முதல்முறையாக மேலே ஏறி வரும் இடைநிலை ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். எப்படிக் கற்பிப்பது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், ஆசிரியர் கையேட்டிலும் இருக்கிறது. எதை எப்போது வைப்பது என்பதுதான் இங்கே சிக்கல். கீழே நாம் பாடத்திட்டத்தைப் பார்த்து வருடத்தைப் பிரிப்போம். மலையில் மழையையும் பனியையும் வெயிலையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் பாடத்தை வைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு இரண்டு வாரம் போதும்.

முதல் வேலை: உங்கள் ஊருக்கு எந்த மழை?

நீலகிரி என்றால் ஒரே குளிர், ஒரே மழை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். கூடலூர், பந்தலூர், நடுவட்டம், குந்தாவின் மேற்குப் பக்கம் எல்லாம் தென்மேற்குப் பருவமழை ஊர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது அந்தப் பக்கத்தில்தான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் நேர்மாறு. ஜூலையில் சாரலும் மூடுபனியுமாகப் போய்விடும், அக்டோபர், நவம்பரில்தான் உண்மையான மழை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மண்சரிவுகள் வடகிழக்கு மழையில் வந்தவை. ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு.

அதனால் பணியில் சேர்ந்த முதல் வாரமே மூன்று பேரிடம் கேளுங்கள்: சத்துணவு அக்கா, காலை பஸ்ஸின் கண்டக்டர், அஞ்சாம் வகுப்பில் கொஞ்சம் வாயாடியாக இருக்கும் ஒரு பிள்ளை. எந்த மாதம் பஸ் நின்றுபோகும், எந்த மாதம் ஓடையைத் தாண்ட முடியாது, எந்த வாரம் ஊர்த் திருவிழா என்று அவர்கள் சொல்வது எந்தக் கையேட்டிலும் கிடையாது. அப்புறம் ஒரு சார்ட்டில் ஜூன் முதல் ஏப்ரல் வரை பதினொரு கட்டம் போடுங்கள். மழை மாதங்களுக்கு நீலம் அடியுங்கள். வெள்ளையாக நிற்கும் கட்டங்களில் வெளியே போய்ச் செய்யும் எல்லாவற்றையும் வையுங்கள்: அளத்தல், வரைபடம், தாவரம், விளையாட்டு, சிற்றுலா. நீலக் கட்டங்களுக்குக் கதை, வாசிப்பு, எழுத்து, கைவேலை. புத்தகத்தில் பாட வரிசை வேறாக இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அந்தந்தக் கல்விப் பருவத்துக்குள்ளேயே முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். நான் கேட்டபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன்: புத்தகத்தைத் திறக்க அவசரப்படாதீர்கள்

பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் நான்கு மொழி கேட்கும். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் பிள்ளைக்கு வீட்டில் படுகு மொழி. கூடலூர், பந்தலூர் என்றால் மலையாளம், பணியர் மொழி, காட்டுநாயக்கர் மொழி. கோத்தகிரிக் காடுகளை ஒட்டிய ஊர் என்றால் இருளர், குறும்பர் பிள்ளைகள். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளிலிருந்து வருபவர்களில் பாதிப் பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்கள் தமிழுக்கே தனி ராகம் உண்டு. இப்போது ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள்.

என் முதல் வருடத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் டம்ளர் படத்தைக் காட்டி இது என்ன என்றேன். "ஹாலு" என்றான். "ஹாலு இல்லப்பா, பால்" என்று திருத்தினேன். அவன் தப்பாகச் சொல்லவில்லை, படுகில் பால் என்றால் ஹாலுதான். அது எனக்குத் தெரியாது. அடுத்த ஒரு வாரம் அவன் வாயே திறக்கவில்லை. அப்புறம் அவன் அக்கா, நாலாம் வகுப்பு, என்னிடம் வந்து மெதுவாக விளக்கினாள். பல்லுக்கு ஹல்லு, பத்துக்கு ஹத்து. தமிழில் 'ப' வருகிற பல இடங்களில் படுகில் 'ஹ' வருகிறது என்பது பிடிபட்டதும் எனக்கே ஒரு சாவி கிடைத்த மாதிரி இருந்தது.

ஆக முதல் இரண்டு வாரம் இப்படிப் போகட்டும். முதல் நாள் பெயர், பாட்டு, கொஞ்சம் படம் வரைதல், அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஒரு பெரிய தாளை ஒட்டி, 'எங்க வீட்டுச் சொல்' என்று தலைப்பிட்டு, வீடு, தண்ணீர், அம்மா, பால், நாய், மழை ஆகிய ஆறு சொற்களை அவரவர் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். நீங்கள் சொல்லிப் பார்க்கும்போது உச்சரிப்பு கோணும், வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். டீச்சருக்கே தப்பு வருகிறது என்று பார்த்த பிள்ளைதான் அடுத்த நாள் தமிழில் வாய் திறக்கும். வாரத்துக்கு ஆறு சொல் சேர்த்துக்கொண்டே போனால் அரையாண்டுக்குள் சுவர் நிறைந்துவிடும்.

அடிப்படை மதிப்பீட்டை இதற்குப் பிறகு வையுங்கள். 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, பிறகு நான்கு, ஐந்துக்கும் நீண்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈராசிரியர் பள்ளியில் அது பெரிய உதவி. மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துத் தனித்தனியாக நடத்துவதைவிட மூன்று நிலையாக உட்கார வைப்பது எவ்வளவோ மேல். ஆனால் சேர்ந்த மூன்றாம் நாளே மதிப்பீடு செய்தால், பேசக் கூச்சப்படும் பிள்ளையெல்லாம் அரும்பில் போய் விழும். நம் கணக்குத் தப்பிவிடும், வருடம் முழுக்க அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததையே திரும்பப் படித்துக்கொண்டிருக்கும்.

உட்கார வைப்பதில் ஒன்று. சிமென்ட் தரை ஜில்லென்று இருக்கும். பாய் மட்டும் போதாது, கீழே ஒரு தார்ப்பாய் விரித்து மேலே பாய் போடுங்கள். மேற்குப் பக்க ஜன்னலோரம் சாரல் அடிக்கும், சின்னப் பிள்ளைகளை அங்கே வைக்க வேண்டாம். அந்தக் காலத்துச் செயல்வழிக் கற்றல் முறைக்காகச் சுவரடியில் கட்டிய தாழ்வான கரும்பலகை பல பள்ளிகளில் இன்னும் இருக்கும். மழையில் அந்தச் சுவர் ஓதம் அடிக்கும். டிசம்பர் வரை அதை மறந்துவிட்டு, ஆளுக்கொரு சிலேட்டு கொடுங்கள். சார்ட்டுகளைச் சுவரில் ஒட்டாதீர்கள், பசை பிடிக்காது, இரண்டே நாளில் தொங்கிவிடும். அறைக்குக் குறுக்கே கயிறு கட்டித் துணிக் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

மழைக்காலம்: சத்தமில்லாப் பாடம்

தகர ஷீட் போட்ட வகுப்பறையில் கனமழை பெய்தால் நீங்கள் சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது. கத்திப் பார்ப்பீர்கள். எல்லோரும் முதல் வருடம் கத்துவோம், ஆகஸ்ட்டில் தொண்டை கட்டும். கத்த வேண்டாம். மழை வலுத்ததும் எடுப்பதற்கென்றே சத்தமில்லாப் பாடங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் தயாராக வைத்திருங்கள்.

என் பெட்டியில் இருப்பவை: சொல் அட்டைகள், ஜோடி சேர்க்கும் படங்கள், சிறுவர் கதைப் புத்தகங்கள் முப்பது, பொம்மலாட்டத்துக்குப் பழைய காலுறைகள், அப்புறம் ஒரு பை நிறையக் கற்பூர மரத்துக் காய். யூகலிப்டஸை இங்கே கற்பூர மரம் என்பார்கள். அதன் காய் பொத்தான் போலக் கெட்டியாக இருக்கும், உருளாது, எண்ணுவதற்கு மணிகளைவிட வசதி. பத்துப் பத்தாகக் கட்டச் சீகை மர விளார். காசு செலவு இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி ஏதாவது செய்யலாம் என்று கீழே பழகியிருந்தால் அதை மறந்துவிடுங்கள், இந்த மாவட்டத்தில் அதற்குத் தடை.

மழையில் சைகை மொழி ஒன்றையும் பழக்கிவிடுங்கள். கையைத் தலையில் வைத்தால் சிலேட்டைக் காட்டு, இரண்டு விரல் என்றால் பக்கத்துப் பிள்ளையோடு மாற்றித் திருத்து. ஒரு வாரத்தில் பிள்ளைகள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். மழை விட்டதும் சத்தமாக ஒரு பாட்டு. அடக்கி வைத்ததெல்லாம் அதில் போய்விடும்.

காலையில் மழைக்கோட்டைக் கழற்றி, பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலுறையைப் பிழிந்து முடிக்கக் கால் மணி நேரம் போகும். மலைப் பிள்ளைகளுக்கு அரசே மழைக்கோட்டு, பூட்ஸ், கம்பளிச் சட்டை எல்லாம் கொடுப்பதால் இது எல்லோருக்கும் பொதுவான வேலை. நேரம் வீணாகிறதே என்று நான் முதலில் எரிச்சல்பட்டேன். பிறகு அதையே இரண்டாம் வகுப்புக் கணக்காக்கினேன். வராந்தாவில் பூட்ஸை ஜோடி ஜோடியாக நிறுத்து, எத்தனை ஜோடி, மொத்தம் எத்தனை, ஒற்றையாக நிற்பது எது? இரண்டாம் வாய்ப்பாட்டை நான் தனியாக நடத்தவே இல்லை, பூட்ஸே நடத்தியது.

இனி மழைமானி. ஒரு வருடத்தில் ஒரே ஒரு செயல்பாடுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

1. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேராக இருக்கும் எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுங்கள்.

2. திறந்த வெளியில், கூரைச் சொட்டும் மரச் சொட்டும் விழாத இடத்தில் வையுங்கள். பக்கத்துச் சுவர் எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் நல்லது. காற்றில் சாயாமல் நான்கு கல் அண்டக் கொடுங்கள்.

3. தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். வானிலைத் துறை காலை 8.30க்கு அளக்கிறது. நாம் காலை வணக்கம் முடிந்ததும் அளக்கலாம், ஆனால் தினமும் அதே நேரம்.

4. அளவுகோலை நேராக உள்ளே விடாதீர்கள். அதன் ஓரத்துக்கும் 0 கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும், பிள்ளைகள் அதைக் கவனிக்க மாட்டார்கள். விளக்குமாற்றுக் குச்சியை விட்டு எடுத்து, நனைந்த நீளத்தை அளவுகோலின் 0இல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

5. எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். திங்கட்கிழமைக் கணக்கு மூன்று நாள் கணக்கு என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

பக்கம் நேரான டப்பா என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் வருடம் நான் வைத்தது வாய் குறுகிய ஒரு பழைய கண்ணாடிப் பாட்டில். அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா எஸ்டேட் ஆபீஸில் வேலை. எஸ்டேட்டில் மழைமானி உண்டு, அங்கே இன்றும் இஞ்சுக் கணக்குதான். "டீச்சர், எங்கப்பா ஒரு இஞ்சு மழைன்னாரு. நம்மது ஏன் பதினாலு மில்லிமீட்டர்?" ஒரு இஞ்சு என்றால் 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாதிதான் காட்டுகிறது நம் பாட்டில். எனக்கு உடனே பதில் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் பாட்டிலை அளந்து பார்த்தால் வாய் 6 சென்டிமீட்டர், வயிறு 8 சென்டிமீட்டர். சின்ன வாய் வழியாக வாங்கிய தண்ணீர் பெரிய வயிற்றில் பரந்துவிடுகிறது, உயரம் குறைகிறது. மறுநாள் அவனையே கூப்பிட்டு இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அந்த வருடம் கொள்ளளவுப் பாடத்தை அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

கிடைக்கும் எண்ணை ஒவ்வொரு நிலையும் தன் அளவுக்குப் பயன்படுத்தும். சின்னவர்கள் மழை பெய்த நாளுக்கு ஒரு குடை வரைவார்கள். மூன்றாம் வகுப்பு கட்டத் தாளில் பட்டை நிரப்பும். நாலும் அஞ்சும் வாரக் கூட்டல், மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றுதல். தமிழ்ப் பாடத்துக்கும் ஒரு வேலை உண்டு: அன்றைக்குப் பெய்தது தூறலா, சாரலா, அடைமழையா என்று ஒரு சொல் தேர்ந்து எழுத வேண்டும். அதில் வரும் சண்டையை அனுமதியுங்கள், நல்ல மொழிப் பயிற்சி.

பாதையும் விலங்கும்

பிள்ளைகளைத் தனித்தனியாக வீட்டுக்கு விடாதீர்கள், பாதை வாரியாகக் கூட்டமாக அனுப்புங்கள், பெரிய பிள்ளை முன்னாலும் இன்னொன்று பின்னாலும். கூடலூர்ப் பக்கம் யானை, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டுமாடும், எங்கும் சிறுத்தை. கரடி சத்துணவுக் கூடத்தின் கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துப்போவதெல்லாம் இங்கே பெரிய செய்தி இல்லை. எண்ணெயையும் வெல்லத்தையும் அங்கே இரவு வைக்க வேண்டாம். வனக் காவலரின் எண் உங்கள் போனில் முதல் நாளே இருக்கட்டும். யானை நிற்கிறது என்று பிள்ளை தாமதமாக வந்தால் அது சாக்கு இல்லை, நம்புங்கள். அட்டை கடிக்கும் ஊர் என்றால் மேசையில் ஒரு சின்ன டப்பாவில் உப்பு.

மழைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது பல நாள் காலை நேரத்தில்தான். சில சமயம் ஒரு வட்டத்துக்கு மட்டும். பாதி வழி வந்த பிள்ளை திரும்பிப் போகுமா, நிற்குமா என்பதைப் பெற்றோரோடு ஜூன் மாதமே பேசி வையுங்கள். இப்படிப் போகும் நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்யச் சொல்வார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புக்கு வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள் வேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் பாதிப் பிள்ளைகள்தான் வருவார்கள், புதுப் பாடம் எடுக்காதீர்கள். வந்தவர்களுக்குக் கதை நாள்.

கொழுந்துக் கணக்கு

இது எந்த மாதத்துக்கும் பொருந்தும், ஆனால் மழை விட்டு வெயில் தலைகாட்டித் தேயிலை நன்றாகத் துளிர்க்கும் நேரத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கு வாய் ஓயாது. பலகையில் 63 என்று எழுதினால் முப்பத்தாறு என்று வாசிக்கும் பிள்ளை, தராசில் 63 வந்தால் தப்பாமல் சொல்லும். காரணம் எளிது. அம்மாவோடு இலை போடும் இடத்தில் நின்று பார்த்த எண் அது, ஒரு கிலோ குறைந்தாலும் அம்மா முகம் மாறும்.

அதனால் கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் ஒரு சாக்கு இலையில் முடித்துவிடலாம். எடை 63 கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு 3 கிலோ, மிச்சம் எவ்வளவு? கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் மொத்தம்? அஞ்சாம் வகுப்புக்கு இன்னொரு படி: ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும், அப்படியானால் இந்த 60 கிலோவில் எவ்வளவு தூள்? சரியாக வகுபடாது, பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் வரும். வகுபடாத கணக்கைக் கண்டு பயப்படாமல் இருக்க இது நல்ல பழக்கம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதை ஒரு பிள்ளை செய்துகாட்டினால் அறிவியலும் சேர்ந்துகொள்ளும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உன் வீட்டில் இன்றைக்கு எத்தனை கிலோ, எவ்வளவு பணம் வந்தது என்று கேட்காதீர்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்தால் ஹட்டியே சோர்ந்துகிடக்கும், கடன் இருக்கும், தோட்டக் கூலி வேறு கணக்கு. கற்பனை எண்களே போதும்.

பனி மாதங்கள்

டிசம்பர் வந்துவிட்டால் தலைகுந்தா போன்ற உயரமான இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். மற்ற ஊர்களிலும் காலை ஒன்பது மணிக்கு விரல் மடங்காது. முதல் பாடவேளையில் எழுத்து வேலை வைக்காதீர்கள். வாய்ப்பாடு, பாட்டு, கைதட்டல், வாய்மொழிக் கணக்கு எல்லாம் முற்றத்து வெயிலில். பத்தரைக்கு மேல் பென்சில்.

மூன்று, நாலு வகுப்புகளுக்குத் திண்மம், திரவம் நடத்த இதைவிட நல்ல நேரம் கிடையாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஒரு கண்ணாடிக் குப்பியில் எண்ணெயைக் கொண்டுவாருங்கள். காலையில் மெழுகு போல வெள்ளையாக இருக்கும். ஒரு பிள்ளை வெயில் படும் திண்ணையில் வைக்கட்டும், இன்னொரு குப்பி உள்ளே நிழலில். கால் மணிக்கு ஒருமுறை பார்த்து வந்து படம் வரையச் சொல்லுங்கள். ஓரத்தில் முதலில் கண்ணாடி போலத் தெளியும், நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதக்கும், பிறகு அதுவும் கரையும். "எங்க பாட்டி தலைக்கு வைக்க முன்னாடி இதைத்தான் கக்கத்துல வச்சுக்கும் டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். உடல் வெப்பம் பற்றி நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அஞ்சாம் வகுப்புக்கு அடுப்பங்கரையில் இன்னொரு பாடம் இருக்கிறது. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் அது ஏறக்குறைய 92, 93 டிகிரி. அதனால்தான் பருப்பு வேக நேரம் ஆகிறது. சமவெளியிலிருந்து வந்த நாம் விறகு ஈரம் என்று நினைப்போம்.

படுகர் ஊர் என்றால் ஹெத்தையம்மன் பண்டிகை டிசம்பர் கடைசி, ஜனவரியை ஒட்டி வரும். கோத்தர் ஊர்களிலும் அந்தக் காலத்தில்தான் திருவிழா. பிள்ளைகள் வர மாட்டார்கள், வராவிட்டால் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் பார்த்ததை வரைந்து மூன்று வாக்கியம் எழுதச் சொன்னால், பண்டிகை போன வாரத்துக் கட்டுரைதான் அந்த வருடத்தின் நல்ல கட்டுரையாக இருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை: வெளியே போங்கள்

வெள்ளைக் கட்டங்களுக்கு வந்துவிட்டோம். விளையாட்டுப் போட்டியை ஆகஸ்ட்டில் வைத்துச் சேற்றில் ஓடவிட்டு, இருமலோடு வீட்டுக்கு அனுப்பியவள் நான். பிப்ரவரியில் வையுங்கள்.

பள்ளியைச் சுற்றிய வரைபடம், நிழலை அளத்தல், இலை சேகரித்தல் இதெல்லாம் நீங்களே செய்துவிடுவீர்கள். நான் சொல்ல விரும்புவது பாட்டிகளைப் பற்றி. வாரத்துக்கு ஒரு பாட்டி அல்லது தாத்தா வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் பேசட்டும். லயன் வீட்டுப் பாட்டி ஒருவர் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியதையும், மண்டபம் முகாமில் இருந்ததையும், பிறகு இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததையும் சொன்னார். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் போட்ட ஒப்பந்தம், 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் அப்போது தேதிகளாக இல்லை, பாட்டியின் டிரங்குப் பெட்டியாக இருந்தன. வரைபடத்தில் ஹட்டனையும் கண்டியையும் தேடக் கூட்டம் முண்டியது.

கணக்கில் அமைப்புகள், சமச்சீர் வரும்போது தோடர் பூத்தையலைக் கொண்டுவாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலெண்ணித் தைப்பது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்கு. கட்டத் தாளும் இரண்டு நிறப் பென்சிலும் கொடுத்தால் பிள்ளைகள் கட்டம் எண்ணி நிரப்புவார்கள், ஒரு கட்டம் தப்பினால் முழு வரிசையும் கோணும் என்பது தானாகப் புரியும். இது யாருடைய வேலை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு இலைதழை கட்டி, முகத்தில் கரி பூசி 'மலைவாசி நடனம்' ஆடவிட்டதை ஒரு பள்ளியில் பார்த்தேன். முன்வரிசையில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கை தட்டவில்லை. படுகர் ஆட்டமோ இருளர் ஆட்டமோ வேண்டுமென்றால் ஊரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் கற்றுத்தரச் சொல்லுங்கள், அவர்கள் உடுத்துவதையே உடுத்தட்டும்.

சிற்றுலாவுக்குத் தூரம் போக வேண்டாம். கோத்தகிரிப் பிள்ளைகளில் பலர் மலை ரயிலைப் பார்த்ததே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் வந்து, 1908இல் ஊட்டியைத் தொட்ட பாதை. கல்லாறு, குன்னூர் நடுவே பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும். குன்னூர் நிலையத்தில் நின்று இஞ்சினைப் பார்த்தாலே போதும், ஏற வேண்டும் என்பதில்லை. 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்கா என்றால் பிப்ரவரியில் ஒரு வார நாள். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் நாற்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நிற்கும் வேலை வேண்டாம்.

ஏப்ரல்: பூட்டும் முன்

ஆண்டுத் தேர்வையும் பதிவேடுகளையும் பற்றி அலுவலகமே நினைவூட்டிக்கொண்டிருக்கும், நான் வேறு சொல்ல வேண்டாம். கோடையில் தேன் எடுக்கக் காட்டுக்குள் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் ஏப்ரலிலேயே நின்றுவிடலாம், அவர்கள் மதிப்பீட்டை மார்ச்சில் முடியுங்கள். ஜூனில் அவர்கள் வரவில்லை என்றால் நோட்டீஸ் அனுப்பாமல் நேரில் போய்க் கூப்பிடுங்கள்.

கடைசி வாரம் நல்ல வெயில் இருக்கும். புத்தகங்களை எல்லாம் முற்றத்தில் விரித்துக் காயவைத்து, பூஞ்சணம் தட்டி, வேப்பிலையோ வசம்போ போட்டு டிரங்கில் அடுக்குங்கள், பிள்ளைகளே செய்வார்கள். வீட்டுச் சொல் தாளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மழை நோட்டை மட்டும் பூட்ட வேண்டாம், மேசை இழுப்பறையில் மேலாக இருக்கட்டும். மே மாதக் கோடை மழையை எழுத அஞ்சாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளையிடம் டப்பாவையும் குச்சியையும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.